அக்காவின் ஸ்கூட்டரை மினுக்கிய மார்கழி

போன மாதம் ஹட்டன் கடைத்தெருவில் இரண்டு இளைஞர்கள் ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் மின்சாரத்தில் சுழலும் சக்கரம். மற்றவன் பக்கத்தில் ஐந்தாறு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் மருந்து. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "என்ன ஆன்ட்டி, வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தான் ஒருவன். அக்காவின் ஸ்கூட்டர் கதையை அவனிடம் சொன்னால் நம்பமாட்டான். உங்களிடம் சொல்கிறேன். என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, மார்கழி மாதத்துப் பீலித் தண்ணீரில் கை கழுவியவர்கள் நீங்கள். குழாயிலிருந்து விழும் அந்தத் தண்ணீர் விரலை எப்படிக் கடிக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம், எங்களுடையது கடைசிக் காம்பரா. அப்பா கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களின் ஒரு கூட்டத்துக்கு அவர் மேற்பார்வை. அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் கொழுந்து பறித்தாள். மலையில் அம்மாவை அவர் மற்றப் பெண்களை அதட்டுவது போலவே அதட்டுவார். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள்.

பாடசாலை விடுமுறை தொடங்கிய வாரம் அக்காவுக்கு ஆசிரியை நியமனக் கடிதம் வந்தது. எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு கடிதம் பெற்ற முதல் ஆள் அவள்தான். ஆனால் பாடசாலை இருந்த இடம் மலைக்கு அந்தப் பக்கம், வேறொரு தோட்டத்தின் கடைசி டிவிசனில். தோட்டத்துப் பாதையில் ஏழு மைல். பஸ் கிடையாது. போக இரண்டரை மணி நேரம் நடை, வர இரண்டரை மணி நேரம் நடை. தை மாதம் பாடசாலை திறக்கும் நாளில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் நியமனம் இன்னொருவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது.

"அங்கேயே ரூம் எடுத்துத் தங்குறேன்" என்றாள் அக்கா.

"வயசுப் புள்ள தனியாத் தங்குறதா?" என்றார் அப்பா. "மஸ்கெலியாவுல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. இந்த வேலை உனக்கு எழுதல, விட்டுரு."

அக்கா அழவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பெட்டியின் அடியில் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் என்னை எழுப்பி, "வாடி, ஒரு சாமான் தள்ளிக்கிட்டு வரணும்" என்றாள்.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வுபெற்று, கொழும்பில் இருந்த மகள் வீட்டுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கு அக்கா இரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பையன் பாஸாகிவிட்டான். அந்த நன்றிக்கு என்ன வேண்டும் என்று கிளாக்கர் அம்மா கேட்டிருக்கிறார். சேலை கேட்பாள் என்று நினைத்திருப்பார். அக்கா கேட்டது அவர்களுடைய மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஸ்கூட்டரை.

இத்தாலியில் செய்த வண்டி. ஐயா வாலிபராக இருந்தபோது ஏதோ ஒரு துரையிடமிருந்து வாங்கியது. ஆறேழு வருடமாக ஓடவில்லை. இருக்கையில் கோழி அடைந்து முட்டையிட்டிருந்தது. விளக்கைச் சுற்றியிருந்த வளையம் துருவேறிக் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் அதை ஒன்றரை மைல் தள்ளிக்கொண்டு வந்தோம். டயரில் காற்றில்லை. மேட்டில் தள்ளும்போது அக்காவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

லயமே வெளியே வந்து பார்த்தது. பக்கத்துக் காம்பரா அத்தை இடுப்பில் கைவைத்து, "ஏ புள்ள, இத எங்க கொண்டுபோய்ப் பொதைக்கப் போற?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளே அம்மாவிடம் மெதுவாக, "ஸ்கூட்டர்ல ஏறுனா எறங்குற எடம் எதுன்னு யாருக்குத் தெரியும்? எவனையோ மனசுல வச்சுருக்கா" என்றாளாம். அக்காவின் மனசில் எவனும் இல்லை. ஏழு மைல் பாதை ஒன்றுதான் இருந்தது. அதை லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்து, காம்பரா வாசலில் இஸ்தோப்பில் நின்ற வண்டியைப் பார்த்தார். அந்த நான்கடி அகல இஸ்தோப்பில் விறகும் கூடையும் போக மிஞ்சிய இடத்தை அது முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் இதுலதான் பள்ளிக்கூடம் போகப் போறேன். காலையில போயிட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன். தனியாத் தங்கத் தேவையில்ல."

"இந்தத் துருப்புடிச்ச தகரத்துலயா? கங்காணி மக குப்பைத் தகரத்துல போறான்னு நாலு பேரு சிரிக்கவா?"

"துருவ எடுத்துட்டா?"

அப்பா அவளைப் பார்த்தார். அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. "எடு. குத்துவிளக்கு மாதிரி மினுங்கட்டும். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு மொத நாளு பாக்குறேன். ஒரு எடத்துல துரு இருந்தாலும் மஸ்கெலியாவுக்குச் சரின்னு பதில் சொல்லிருவேன். வீட்டுக் காசு ஒரு சதம் தொடக் கூடாது."

"சரிங்கப்பா. நீங்களும் சொன்ன சொல்லு மாறக் கூடாது."

அன்றிலிருந்து இருபத்தாறு நாள் இருந்தது. நான் சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினேன்.

அக்கா முதலில் செய்தது எல்லாவற்றையும் கழற்றியது. கிளாக்கர் அம்மா கொடுத்த இரண்டு ஸ்பானர் சாவிகளும் ஒரு திருப்புளியும்தான் ஆயுதம். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்தைக் கொப்பியில் படமாக வரைந்து, எண் போட்டு, பழைய தீப்பெட்டிகளில் வைத்தாள். விளக்கு வளையம், பின்னால் சாமான் கட்டுகிற கம்பித் தட்டு, கண்ணாடித் தண்டு, இவை ஒரு சாக்கில். பிரேக் பிடி, கிளட்ச் பிடி, காலால் உதைத்துக் கிளப்புகிற கிக்கர், கால் வைக்கிற தட்டில் பதித்த நீளப் பட்டைகள், எஞ்சின் பக்கத்து மூடி, இவை இன்னொரு சாக்கில். முதல் சாக்கில் இருந்தது இரும்பின் மேல் வெள்ளி நிறப் பூச்சு. இரண்டாவது சாக்கில் இருந்தது அலுமினியம். இந்த வித்தியாசம் எங்களுக்கு அப்போது தெரியாது. மினுங்க வேண்டியது எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தோம்.

செங்கல்லை இடித்துச் சலித்த தூளால் விளக்கு வளையத்தைத் தேய்த்தோம். துரு கொஞ்சம் போனது. கூடவே மினுக்கமும் போய், பூனை பிறாண்டியது போலக் கீறல் விழுந்தது. அக்கா உடனே கையை எடுத்துவிட்டாள். "இது வேணாம். இப்படிப் போனா வளையமே தேஞ்சுரும்" என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் அப்படியே வீணாகப் போனது.

வழி காட்டியது அம்மா. இந்த விஷயத்தில் அதுவரை அவள் அப்பா பக்கமும் பேசவில்லை, அக்கா பக்கமும் பேசவில்லை. அன்று மலையிலிருந்து வந்தவள், தலையில் மடித்துப் போட்ட கம்பளியைக்கூட இறக்காமல், குசினிக்குள் போய் ஒரு துண்டு ஈயத்தாளோடு வந்தாள். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கிற அந்த வெள்ளித் தாளைத்தான் நாம் ஈயத்தாள் என்போம். கிழிந்த துண்டுகளைத் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் வெளியே வீசுவார்கள். நாம் அதில்தானே தீபாவளிக்குக் கிரீடம் செய்தோம், ஜன்னல் ஓட்டையை அடைத்தோம்? அம்மா அதைக் கசக்கி உருண்டையாக்கி, வாளித் தண்ணீரில் நனைத்து, வளையத்தில் ஓரிடத்தில் வட்டமாகத் தேய்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். அந்த விரல்களுக்குக் கீழே பழுப்புக் குழம்பு ஒன்று திரண்டு வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஐந்து சத அளவுக்கு ஓர் இடம் பளிச்சென்று எழுந்து, அதில் அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது.

"கறிச்சட்டி அடிப்புடிச்சா இதாலதான் தேய்ப்பேன்" என்றாள். "அமுக்கித் தேய்க்காத. தண்ணி காயாமப் பாத்துக்க." அவ்வளவுதான். அரிசி களையப் போய்விட்டாள்.

அடுத்த ஐந்து நாளும் நான் ஸ்டோருக்குப் பின்னால் ஈயத்தாள் பொறுக்கினேன். அக்கா தேய்த்தாள். வளையம், கம்பித் தட்டு, கண்ணாடித் தண்டு என்று ஒவ்வொன்றாகத் துருவை உதிர்த்து வெளியே வந்தன. பூச்சு உரிந்த இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுப்பு நின்றது. பக்கத்துக் காம்பரா அத்தை ஒருநாள் வந்து, கேட்காமலே வளையத்தில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அக்காவை ஒருநாள் மகிழ்விக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்னப் பிள்ளைகளின் ஆசைக்கு அளவு தெரியாது. வீட்டுப் பித்தளைச் செம்பை நான்தான் சாம்பலால் விளக்குவேன். அது பொன்னாக மினுங்கும். ஆகவே, அக்கா பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்த மாலை நேரம், இரண்டாவது சாக்கில் இருந்த அத்தனையையும் ஒரு பழைய தகர வாளியில் போட்டு, அடுப்புச் சாம்பலைக் கொட்டி, துணி துவைக்கிற சோடாவையும் ஒரு கை அள்ளிப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி வைத்தேன். ஒரு கை போட்டால் நல்லது என்றால் இரண்டு கை போட்டால் இன்னும் நல்லதுதானே? இரண்டாவது கையும் போட்டேன். விடிந்ததும் எடுத்து எல்லோரையும் அசத்திவிடலாம் என்று படுத்தேன்.

காலையில் மூடியைத் திறந்தேன். தண்ணீர் நுரைத்துப் பொங்கியிருந்தது. உள்ளே இருந்தவை கறுத்துக் கிடந்தன. தொட்டால் விரலில் கரி ஒட்டியது. நீளப் பட்டைகளின் மேல் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது. எஞ்சின் மூடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு.

அக்கா வந்து பார்த்தாள். என்ன செய்தாய் என்று கேட்டாள். சொன்னேன். கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதலும் கடைசியும். பிறகு வாளியைக் கவிழ்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கொழுந்துக் கூடையில் அடுக்கி, மேலே படங்குச் சாக்கைப் போட்டு மூடினாள்.

"அழாத. மூஞ்சியக் கழுவு. கொட்டகலைக்குப் போறோம்."

கொட்டகலை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை. அங்கே இருந்தவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல, எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த தாடி, தலையில் தொப்பி, மணிக்கட்டு வரை கிரீஸ். அக்கா கூடையை அவர் முன்னால் இறக்கினாள். அவர் கிளட்ச் பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சாம்பல்ல போட்டீங்களா?"

"ஆமாங்க நானா. சோடாவும்" என்றாள் அக்கா. நான்தான் செய்தேன் என்று அவள் சொல்லவில்லை.

"அல்லாஹ்! அலுமினியத்துக்குச் சாம்பல் ஆகாது மகள். சோடா அதவிட மோசம், தின்னுரும். வயித்து வலிக்கும் பல்லு வலிக்கும் ஒரே மருந்து குடுக்க ஏலுமா?" என்று தலையில் கைவைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "கொஞ்சம் புளி கரைச்சுக் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். அவர் வீடும் கடையும் ஒன்றுதான். கரைத்த புளியைத் துணியில் தொட்டுப் பிடியின் மேல் தேய்த்தார். கறுப்பு இளகிச் சாம்பல் நிறமானது. உடனே கழுவினார். "தேய்ச்ச கையோட கழுவிரணும். ஊறப்போட்டுத் தூங்கப் போகக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. கன்னத்தில் விரல் தடம் இருந்திருக்கும்.

குழிக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். தேய்ந்து போய் அவர் தூக்கி எறியவிருந்த எமரித் தாள்களை அள்ளிக் கொடுத்தார். தண்ணீர் தொட்டு, ஒரே திசையில் இழுத்துத் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு வழவழப்பான தாள். அதற்குப் பிறகு பாடசாலைச் சாக்கட்டியை இடித்து, துணியில் சலித்து, மண்ணெண்ணெயில் குழைத்து, கம்பளித் துண்டால் தேய்க்க வேண்டும். கடைசியில் மெழுகுவர்த்தியை உரசித் துடைத்துவிட்டால் பனி ஒட்டாது. "கடையில டின்னுல விக்கிறதும் இந்தச் சாமான்தான். என்ன, வாசம் நல்லா இருக்கும்" என்றார்.

எஞ்சினை என்ன செய்வது என்றும் அக்கா கேட்டாள். அதற்கும் அவர் வழி சொன்னார். வண்டியில் உபரியாக இருந்த சக்கரத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதில் எஞ்சினைச் சுத்தம் செய்து, கம்பிகளை மாற்றி, டயரைச் சரிசெய்து தருவார். அந்த வாரமே வண்டியைப் அந்தப் பக்கம் போன பழைய லொறி ஒன்றில் காசில்லாமல் ஏற்றிக் கொட்டகலைக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பிடிகளையும் கிக்கரையும் தற்காலிகமாக மாட்டி, கடைக்குப் பின்னால் இருந்த வெளியில் அக்கா ஓட்டப் பழகினாள். நானா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். அவள் நாலு முறை விழுந்தாள். முட்டியில் பட்ட காயத்தை வீட்டில் பீலிக்கரையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். லைசன்ஸ் எல்லாம் பிறகுதான் எடுத்தாள், அதை இப்போது கேட்காதீர்கள்.

மிச்ச நாட்கள் எல்லாம் தேய்த்தோம். சாக்கட்டி என்னிடம் இருந்தது. வகுப்பில் டீச்சர் கீழே போடுகிற துண்டுகளை நான் ஒரு டின்னில் சேர்த்து வைத்திருந்தேன், சில்லு விளையாடத் தரையில் கோடு போட. அத்தனையும் அம்மியில் தூளாகிப் போனது. மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து வந்தது. ஆகவே பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அம்மா தன் பழைய கம்பளியின் ஓரத்தைக் கிழித்துத் தந்தாள். காலையில் முற்றத்துப் புல்லில் பனி வெள்ளையாக நிற்கும். எமரித் தாளுக்குத் தண்ணீர் தொடும்போது விரல் நுனி உணர்வு செத்துவிடும். அக்கா கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். ஒரு பட்டைக்கு ஒரு நாள். மொத்தம் எட்டுப் பட்டை. சரக், சரக் என்ற சத்தம் மட்டும். "கை வலிக்குதாக்கா?" என்று கேட்டால், "வலிக்குது. நீ மத்தப் பக்கம் தேய்" என்பாள்.

ஒன்பது நாள் இருக்கும்போது மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் சொல்லாமல் வந்துவிட்டார்கள். நல்லதண்ணிக்கு யாத்திரை போய் மலை ஏறிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று வந்தார்களாம். அப்பா பதறிப்போய் அவர்களை உள்ளே உட்காரவைத்தார். அக்கா பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் முழங்கை வரை மண்ணெண்ணெயும் அலுமினியக் கரியும். எவ்வளவு கழுவியும் போகாது அது. கோப்பையின் வெளிப்பக்கம் நாலு கறுப்பு விரல்.

அந்த அம்மாள் கோப்பையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "என்னம்மா கையில?"

"ஸ்கூட்டர் மினுக்குறேங்க. தை மாசம் வேலைக்குப் போறேன். அதுல போய் வரணும்."

"கல்யாணத்துக்கப்புறம்?"

"அப்பவும் அதுலதாங்க."

அவர்கள் சாயத்தண்ணியைக் குடித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். போனார்கள். பிறகு பதில் வரவில்லை. அப்பா அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். நான் அவரை வெறுத்தேன். ஒரு வண்டிக்காகப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற அப்பா எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைசிக் கோடு போட்ட நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகலையிலிருந்து திரும்பி வந்திருந்த வண்டியில் மினுக்கிய சாமான்களை மறுபடி பூட்டி, இஸ்தோப்புக்கு முன்னால் வெயிலில் நிறுத்தினோம். உடம்புக்குப் பூச வண்ணம் வாங்க வழியில்லை. பச்சை நிறம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் உலோகம் அத்தனையும் எரிந்தது. பிடிகளில் வானம் ஓடியது. எட்டுப் பட்டையிலும் குழி இருந்தது, ஆனால் சுற்றிலும் மினுங்கியதால் மழைத்துளி தெறித்தது போலத்தான் தெரிந்தது. லயத்தார் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா வந்தார். சுற்றி வந்தார். குனிந்து விளக்கு வளையத்தின் அடிப்பக்கம் விரல்விட்டுப் பார்த்தார். துரு இல்லை. கம்பித் தட்டின் மூலைகளைப் பார்த்தார். எஞ்சின் மூடிக்கு வந்ததும் நின்றார். அந்த உள்ளங்கை அளவுத் திட்டு வெளுத்திருந்தது, மறையவில்லை.

"இது?"

"அது போகாதுப்பா" என்றாள் அக்கா. "நான் போறேன்."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தார். நின்றது. மறுபடி தள்ளி, கால் பிரேக்கை மிதித்தார். நின்றது. மூன்று முறை அப்படிச் செய்தார். மினுக்கத்தைப் பார்க்க வந்தவர் எதற்கு இதைச் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு வண்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். அம்மா அக்காவிடம், "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்? ரொட்டி சுட்டு வைக்கிறேன்" என்றாள். அதுதான் எங்கள் வீட்டில் சம்மதம் சொல்கிற முறை.

மறுநாள் காலை அக்கா வெள்ளைச் சேலை கட்டி, மேலே அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தைத் தாண்டியதும் கோயில் மேடு. பாதி மேட்டில் வண்டி இருமி நின்றுவிட்டது. மேலே தேயிலைக்குள் நின்ற பெண்கள் பார்த்தார்கள். முதலில் கூடையை இறக்கி வைத்தது அம்மா. பின்னாலேயே பக்கத்துக் காம்பரா அத்தையும் இன்னும் ஐந்தாறு பேரும் இடுப்பில் கட்டிய படங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதைக்கு இறங்கினார்கள். "தள்ளுங்கடி!" என்று அத்தைதான் கத்தினாள். கங்காணி அவர்களை அதட்டியிருக்க வேண்டும். அவரோ முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு தேயிலைச் செடியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டின் உச்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்திருப்பாள்.

அந்த வண்டியை அவள் ஆறு வருடம் ஓட்டினாள். மழையிலும் முகிலிலும் சேற்றிலும். நாலைந்து வாரத்திலேயே மினுக்கம் எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதை மினுக்கவில்லை. பிறகு பாடசாலைக்குப் பக்கத்தில் குவாட்டர்ஸ் கிடைத்தது, கல்யாணமும் ஆனது. அவள் கூடவே படிப்பித்த ஒருவர். வண்டியைக் கொட்டகலை நானாவே வாங்கிக்கொண்டார். அது இப்போது எங்கே என்று தெரியாது. அந்தப் பாடசாலையிலேயே அதிபராகி ஓய்வுபெற்றாள் அக்கா.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்த முதல் நாள் மாலையை. நாலு மணிக்கு வர வேண்டியவள் ஐந்தாகியும் வரவில்லை. முகில் இறங்கிப் பாதையை மூடிக்கொண்டு வந்தது. அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு மைல் போயிருப்போம். பாதை வளைகிற ஒரு பெரிய முடக்கில் நின்றார். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அடியில் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கதான் லொறி உருண்டுச்சு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான். "திருவிழாவுக்குப் போனவங்க. நீங்க பொறக்குறதுக்கு முந்தி. கயிறு கட்டி எறங்குனது நானும் இன்னும் ரெண்டு பேரும். ஏழு பேரத் தூக்குனோம். அதுல ஒண்ணு நம்ம பெரியவளுக்கு இப்ப இருக்குற வயசுப் புள்ள. தாவணி மட்டும் மேல செடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு."

துருவையும் நாலு பேரையும் மாப்பிள்ளையையும் சொல்லிச் சொல்லி அவர் மறைத்து வைத்திருந்தது இதைத்தான். எனக்கு அது அன்று பாதிதான் விளங்கியது. எனக்கும் ஒரு மகள் பிறந்து, அவள் வெளியூர் பஸ்ஸில் ஏறிய நாளில் மிச்சமும் விளங்கியது. அக்காவிடம் அவர் இதைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பயந்திருப்பாளா? மாட்டாள். பிரேக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பாள்.

முகிலுக்குள் முதலில் சத்தம் கேட்டது. பிறகு மஞ்சளாக ஒரு வெளிச்சம். முடக்குக்கு வரும்போது அவள் வேகத்தைக் குறைத்து, மலைப் பக்கமாக ஒட்டி, நிதானமாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டு நிறுத்தினாள். சேலை முழங்கால் வரை சேறு. வண்டி முழுக்கச் சேறு. இருபத்தாறு நாள் நாங்கள் தேய்த்த எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"லேட்டாயிருச்சுப்பா. பதிவு எழுதி முடியல."

திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். அப்பா டோர்ச்சை அணைத்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தன புள்ளைங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டுப்பா. உக்கார பெஞ்சு பத்தல, பாதிப் பேரு தரையிலதான்."

"தரை ஈரமா இருக்குமே" என்றார் அப்பா. "ஸ்டோர்ல பழைய தேயிலைப் பொட்டிப் பலகை கெடக்கு. நாளைக்கிக் கணக்கப்பிள்ளைகிட்டக் கேட்டுப் பாக்குறேன்."